கச்சா எண்ணெய்க் குழாயில் மெழுகு: கொஞ்சம் சூடு கொஞ்சம் நன்மைதானே?

கட்டபெட்டு_தேயிலை எழுதியது:

வணக்கம். எனக்குக் கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டு. வேதிப் பொறியியல் முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் வடக்கே ஒரு கச்சா எண்ணெய்க் குழாய்வழியில் பயிற்சிப் பொறியாளராகச் சேரப் போகிறேன்.

இங்கே இப்போது தை மாதக் குளிர். தலைகுந்தாவில் புல் வெள்ளையாகக் கிடக்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகக் கிடக்கிறது. காலையில் அம்மா அதை வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்தி, ஓரம் இளகியதும் தலைக்கு எடுத்துக்கொண்டு மறுபடியும் அலமாரியில் வைத்துவிடுவார். அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குழாய் நினைப்புதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உறைந்துபோனால் என்ன செய்வார்கள்?

சேருவதற்கு முன்பே இணையவழியில் இரண்டு வகுப்பு வைத்தார்கள். அதில் ஒருவர், "மெழுகு அதிகமுள்ள எண்ணெயை அரைகுறையாகச் சூடாக்குவதைவிட, சூடாக்காமலே விட்டுவிடலாம்" என்றார். கொஞ்சம் சூடு கொஞ்சமாவது நன்மை செய்யாதா? கேட்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். குழாய்ச் சுவரில் மெழுகு படிவதும், நின்றுபோன எண்ணெய் மொத்தமாக உறைவதும் ஒரே சமாச்சாரமா? மெதுவாக அனுப்பினால் குழாய்க்கும் பம்புக்கும் சிரமம் குறைவுதானே? இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்டேட்_லைன்மேன் எழுதியது:

தங்கச்சி, எனக்கு எண்ணெய்க் குழாய் தெரியாது. ஊற்றிலிருந்து லைன் வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் உள்ளே வழவழவென்று சேறு பிடிக்கும். கோணிச்சாக்கை உருண்டையாகக் கட்டி மேல் முனையில் திணித்துத் தண்ணீரைத் திறந்துவிடுவோம். கீழே வரும்போது முன்னால் அத்தனை அழுக்கையும் தள்ளிக்கொண்டு வரும். எண்ணெயிலும் அப்படி ஏதாவது செய்வார்கள்தானே? பத்தில் ஒரு பங்கு அடைத்தால் பத்தில் ஒரு பங்கு எண்ணெய்தான் குறையும், அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

பழைய_பம்ப்காரர் எழுதியது:

அம்மணி, நான் அருவங்காட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த எண்ணெயோடுதான் வாழ்ந்தேன். கேள்வியைப் பார்த்ததும் மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் லைன்மேன் தம்பிக்கு. நீங்கள் செய்கிற கோணி உருண்டையைத்தான் எங்கள் தொழிலில் பிக் என்கிறோம். நுரை ரப்பரிலும் இருக்கும், இரும்புத் தண்டில் ரப்பர்த் தட்டுகள் மாட்டியும் இருக்கும். வேலை அதேதான். ஆனால் கணக்கு அப்படி இல்லை, தம்பி. கெட்டியான எண்ணெய் சுழிக்காமல் அமைதியாக ஓடும்போது, அதே அழுத்தத்தில் எவ்வளவு போகும் என்பது விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.9ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 0.66 வரும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விட்டது. தண்ணீர் மாதிரி சுழித்து ஓடினால் இழப்பு கொஞ்சம் குறையும், அப்போதும் பத்தில் ஒன்று அல்ல, இரண்டுக்கு மேல்.

இப்போது அம்மணியின் கேள்வி. படிவதும் உறைவதும் வேறு வேறு. இதை முதல் நாளே பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கச்சா எண்ணெய்க்குள் மெழுகு, சூடான பாலில் சர்க்கரை மாதிரி கரைந்துதான் இருக்கிறது. குளிரும்போது ஏதோ ஒரு வெப்பநிலையில் முதல் படிகம் தலைகாட்டும். குழாயின் நடுவில் எண்ணெய் சூடாக, சுவர் அந்த வெப்பநிலைக்குக் கீழே இருந்தால், சுவரோரம் மெழுகு படிகமாகிக் கரைசல் மெலிகிறது. நடுவில் கரைந்திருக்கும் மெழுகு அந்தப் பக்கம் நகர்ந்து போய் ஒட்டுகிறது. ஆக, படிவதற்குத் தேவை நடுவுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம். எண்ணெயும் சுவரும் ஒரே குளிரில் இருந்தால் படிவது ஏறக்குறைய நின்றுவிடும்.

உறைவதற்கு வித்தியாசம் வேண்டாம். ஓட்டம் நின்று எண்ணெய் முழுவதும் குளிர்ந்தால் மெழுகுப் படிகங்கள் தட்டுத் தட்டாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நூற்றில் இரண்டு பங்கு மெழுகு படிகமானாலே போதும், மீதி 98 பங்கு திரவத்தையும் அந்த வலை பிடித்து நிறுத்திவிடும்.

அதை மறுபடி நகர்த்த எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உறைந்த எண்ணெயின் பிடிப்பு 20 பாஸ்கல் என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம்தான், விரலால் தொட்டால் கலைந்துவிடும். ஆனால் 30 சென்டிமீட்டர் விட்டக் குழாயில் அது சுவர் நெடுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு பெருக்கல் நீளம் பெருக்கல் பிடிப்பு, வகுத்தல் விட்டம். கிலோமீட்டருக்கு 2.7 பார் வருகிறது (ஒரு பார் என்றால் ஒரு லட்சம் பாஸ்கல்). 30 கிலோமீட்டருக்கு 80 பார். உங்கள் பம்ப் 60 பாருக்குத்தான் என்றால் என்ன செய்வீர்கள்?

இந்த 80, 60 கணக்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அரைச்சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கும் இதுதான் பதில், அதனால் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர். இரண்டு ஹீட்டரில் ஒன்று பழுது. எண்ணெயை 85 டிகிரிக்குக் கொண்டுபோய்த்தான் அனுப்ப வேண்டும், ஒற்றை ஹீட்டரில் 55 தாண்டவில்லை. ஷிஃப்டில் நான்தான் பொறுப்பு. உங்களைப் போலத்தான் நினைத்தேன், சுத்தமாக இல்லாததற்கு 55 மேல் என்று. அனுப்பச் சொன்னேன். இரண்டாம் நாள் பம்ப் சீல் போய் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டம் நின்றது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அழுத்தமானியின் முள் மேலே போய் நிற்கிறது, அந்த முனையில் ஒரு சொட்டு வரவில்லை. ஆய்வகத்தில் பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் வைத்துப் பார்த்தார்கள். சூடாக்காத எண்ணெயைவிட நான் 55க்குச் சூடாக்கிய எண்ணெய் 6 டிகிரி முன்னதாகவே உறைந்தது.

காரணம் இதுதான். 55ல் மெழுகு பாதிதான் உருகுகிறது. உருகாமல் நிற்கிற படிகம் ஒவ்வொன்றும் விதை. மறுபடி குளிரும்போது உருகிய மெழுகு அத்தனையும் அந்த விதைகளில் போய்ப் பெரிது பெரிதாக வளர்ந்து வலை பின்னிவிடும். 85க்குப் போயிருந்தால் விதையே இருந்திருக்காது. எண்ணெயிலேயே இருக்கும் பிசின், தார் வகைப் பொருள்களும் பிரிந்து பரவி, புதிதாக வரும் படிகங்களைச் சிறிதாக வைத்திருக்கும். எல்லாக் கச்சாவும் இப்படி நடக்காது. மெழுகு கூடிய பல கச்சாக்கள் நடக்கும். எண்ணெய்க்கு ஞாபகம் உண்டு, அம்மணி. இப்போது எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கெல்லாம் சூடானது, எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, குளிரும்போது அசைந்ததா நின்றதா, எல்லாம் கேட்க வேண்டும்.

அந்தக் குழாயின் அடைப்பை எடுக்க ஒன்பது நாள் ஆனது. நடுவில் வால்வு இருக்கும் இடமெல்லாம் தோண்டி, இரண்டு மூன்று கிலோமீட்டராகப் பிரித்து, லேசான எண்ணெய் கொடுத்துத் துண்டு துண்டாகத் தள்ளினோம். குளிரில் என்னோடு நின்ற கூலித் தொழிலாளர்கள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த 55க்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நம் நாட்டில் இந்த ஞாபகத்தை நல்லபடி பயன்படுத்தியதும் உண்டு. அசாமில் நாகர்கட்டியாவிலிருந்து பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் குழாய், அறுபதுகளின் தொடக்கத்தில் போட்டது. வழி நெடுக ஹீட்டர் வைக்காமல், புறப்படும் இடத்திலேயே எண்ணெயை 90 டிகிரிக்கும் மேலே சூடாக்கி, கணக்காகக் குளிரவைத்து அனுப்பினார்கள். ஒருமுறை சரியாக உருக்கிச் சரியாக ஆற்றினால் அவ்வளவு தூரம் தாங்கும் என்று அப்போதே நம்பிச் செய்தார்கள். ராஜஸ்தானில் மங்களா வயலின் எண்ணெய் வேறு வகை. 40 டிகிரி அளவிலேயே ஓட மறுக்கும். அதனால் ஏறக்குறைய 670 கிலோமீட்டர் குஜராத் கடற்கரை வரை, வழி நெடுக மின்சாரத்தால் சூடேற்றி, மேலே காப்புப் போர்த்தி, 65 டிகிரிக்கு மேல் வைத்தே அனுப்புகிறார்கள். பெரிய குழாயோடு ஒட்டி ஒரு சின்ன இரும்புக் குழாய் ஓடும், அதற்குள் மின்கம்பி. மின்னோட்டம் சின்னக் குழாயின் உள்தோலில் மட்டும் ஓடி அதைச் சூடாக்கும். பாலைவனத்தில் எதற்குச் சூடு என்று வெளியாள் சிரிப்பான். மண்ணுக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் சூடு இந்த எண்ணெய்க்குப் போதாது.

மெதுவாக அனுப்புவதைப் பற்றி: தப்பு. மெதுவாகப் போனால் வழியில் அதிக நேரம் இருக்கிறது, அதிகம் குளிர்கிறது, சுவரில் ஒட்டியதை அரித்துக்கொண்டு போகும் வேகமும் இல்லை. அலாஸ்காவின் பெரிய குழாய் 48 அங்குலம், 1977ல் ஓடத் தொடங்கியது. 1988ல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய். இப்போது 5 லட்சத்துக்கும் கீழே. எண்ணெய் குறையக் குறைய அங்கே மெழுகும் கூடியது, அடியில் தண்ணீர் பிரிந்து பனிக்கட்டியாகும் கவலையும் கூடியது.

ஒரு சோதனை சொல்கிறேன், அம்மாவிடம் கேட்டுச் செய்யுங்கள். மூன்று சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய். இரண்டை வெந்நீரில் வைத்து முழுவதும் உருக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மூன்றாவதைச் சின்னக் கட்டிகள் இன்னும் மிதக்கும்போதே எடுத்துவிடுங்கள். மூன்றையும் சாயங்காலம் ஜன்னலோரம் வையுங்கள். முழுவதும் உருக்கிய இரண்டில் ஒன்றை மட்டும் குச்சியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். தேங்காய் எண்ணெயில் இருப்பது மெழுகு அல்ல, கொழுப்பு. ஆனால் படிகத்தின் குணம் கண்ணுக்குத் தெரியும்.

கட்டபெட்டு_தேயிலை எழுதியது:

ஐயா, நேற்று செய்துவிட்டேன். இவ்வளவு நீளமாகப் பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆறரைக்கு வைத்தேன். கட்டி மிதந்த பாட்டில் ஏழரைக்குள் கீழிருந்து மேல்வரை வெள்ளையாகிவிட்டது. முழுவதும் உருக்கியது அப்போதும் கண்ணாடி மாதிரி; வெப்பமானி 20 காட்டும்போதும் தெளிவாகவே இருந்தது, எட்டரைக்கு மேல்தான் மங்கத் தொடங்கியது. கலக்கிய பாட்டில்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. அதுவும் வெளுத்தது, ஆனால் இறுகவில்லை, கேழ்வரகுக் கூழ் மாதிரி இருந்தது. சாய்த்தால் வழிந்தது. பக்கத்தில் அதே சூட்டில் இருந்த மற்ற இரண்டும் அசையவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "நான் தினமும் அரைகுறையாக உருக்கி வைப்பதால்தான் மறுநாள் இவ்வளவு சீக்கிரம் கட்டியாகிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி. எண்ணெய் உறைவதைத் தள்ளிப்போட பிபிடி என்று ஒரு மருந்து சேர்ப்பதாக வகுப்பில் சொன்னார்களே, அதைச் சேர்த்தால் சூடு வேண்டாமா? மெழுகு தவிர வேறு என்னென்ன குழாயை அடைக்கும்?

கொடை_ஆய்வகம் எழுதியது:

நான் கொடைக்கானலில் பண்ணைக்காடு பக்கம். கச்சா எண்ணெய் ஆய்வகத்தில் பதினொரு வருஷம் இருந்தேன், இப்போது குடும்பத்தின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மருந்தைப் பற்றிச் சொல்கிறேன், தங்கையே.

பிபிடி மெழுகைக் கரைக்காது. படிகம் வளரும்போது கூடவே சேர்ந்து உட்கார்ந்து, தட்டையாக விரிய வேண்டியதை உருண்டை உருண்டையாக ஆக்கிவிடும், வலை பின்ன முடியாது. அதனால் படிகம் தலைகாட்டுவதற்கு முன்னால், எண்ணெய் சூடாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் ஊற்றினால் காசுதான் போகும். ஒரு கிணற்று எண்ணெய்க்குச் சரியாக நின்ற மருந்து பக்கத்துக் கிணற்று எண்ணெய்க்கு நிற்காமலும் போகும், ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். உறைவதைத் தள்ளிப்போட்டது என்பதால் சுவரில் படிவதையும் குறைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

அடைப்பு எது என்று தெரியாமல் மருத்துவம் செய்வதுதான் நான் பார்த்த பெரிய தவறு. ஒருமுறை குழாயிலிருந்து கறுப்பாக ஒரு கட்டி அனுப்பினார்கள். மெழுகுதான், சூடான டீசல் கொடுத்துக் கழுவுகிறோம் என்று கூடவே ஒரு சீட்டு. சின்னத் துண்டைத் தட்டில் வைத்துச் சூடாக்கினேன். மெழுகாக இருந்தால் உருகி ஓடியிருக்கும். இது உருகவில்லை, கருகியது. ஹெப்டேனில் போட்டேன், கரையவில்லை. டொலுவீனில் போட்டதும் காப்பி டிக்காஷன் மாதிரி இறங்கியது. அது ஆஸ்ஃபால்டீன், கச்சாவில் இருக்கும் தார் வகைப் பொருள். டீசல் மாதிரி லேசான எண்ணெய் கொடுத்தால் எண்ணெயில் மிச்சமிருந்த ஆஸ்ஃபால்டீனும் வெளியே விழும். ஓடிப்போய் ஃபோன் செய்தேன், கழுவ ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். பாதியில் நிறுத்தினார்கள், ஆனால் அழுத்தம் அதற்குள் கூடியிருந்தது.

ஆஸ்ஃபால்டீன் நிறைய இருக்கிற கனமான கச்சாவில்தான் தொல்லை என்று எல்லாரும் நினைப்பார்கள். பல நேரம் நேர்மாறு. கொஞ்சமே இருக்கிற லேசான கச்சாவில்தான், அழுத்தம் இறங்கி வாயு பிரியப் போகும் இடத்தில், அது விழுகிறது. இரண்டு வயல் எண்ணெயை ஒரே குழாயில் கலக்கும்போதும் இதைப் பார்க்காமல் கலக்கக் கூடாது.

உருகவும் இல்லை, எரியவும் இல்லை என்றால் அது பெரும்பாலும் உப்புப் படிவு. கோயம்புத்தூரில் ஆழ்துளைத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலில் பிடிக்கிறதே, அந்த ஜாதி. சுண்ணாம்பு வகையாக இருந்தால் அமிலத்தில் நுரைத்துக் கரையும். பேரியம் சல்பேட் அமிலத்துக்கும் கரையாது, வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி. கடல்நீரை நிலத்தடிக்குள் செலுத்தும் இடத்தில் அது வரும்.

அப்புறம் தண்ணீர். தண்ணீர் கலந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும் என்று தோன்றும். எண்ணெய்க்குள் தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறினால் தண்ணீர் கூடக்கூட எண்ணெய் கெட்டியாகும். ஒரு அளவு தாண்டியதும் சட்டென்று புரண்டு, தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் என்று ஆகி இளகிவிடும். தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்கிற கணத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் தண்ணீருக்குள் கொழுப்பு என்று இருந்தது கொழுப்புக்குள் தண்ணீர் என்று புரள்கிறது. பம்ப், வால்வு எல்லாம் மத்து மாதிரிதான். எங்கே அதிகம் கடைபடுகிறது என்று தேடுங்கள்.

பழைய_பம்ப்காரர் எழுதியது:

சகோதரி சொன்னது ஒவ்வொன்றும் தங்கம். நான் ஒன்றைத்தான் சேர்க்கிறேன், ஹைட்ரேட். தண்ணீரும் வாயுவும் அழுத்தத்தில் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஆவது. தண்ணீர் உறைகிற குளிர் அதற்குத் தேவையில்லை. மீத்தேனாக இருந்தால் 4 டிகிரியில் 40 பார் அழுத்தம் போதும். வாயுக் குழாய்களை அடைப்பது பனிக்கட்டி அல்ல, இதுதான் என்று ஹாமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1934லேயே எழுதிவிட்டார். 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் பீறிட்டபோது, அதைப் பிடிக்க 1,500 மீட்டர் ஆழத்தில் கவிழ்த்த பெரிய இரும்புக் கூண்டு ஹைட்ரேட்டால் அடைபட்டுத்தான் பயனற்றுப் போனது. தரையில் ஓடும், வாயு பிரித்த எண்ணெய்க் குழாயில் உங்களுக்கு இது பெரும்பாலும் வராது. எங்காவது வந்தால், அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்க யாரையும் விடாதீர்கள். கட்டி பெயர்ந்து குண்டு மாதிரி பாயும். இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல், மெதுவாக இறக்க வேண்டும்.

கட்டபெட்டு_தேயிலை எழுதியது:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ரயில். போன முதல் வாரத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா. பயிற்சிக்கு வந்த பெண் என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_பம்ப்காரர் எழுதியது:

உட்காராதீர்கள். பிக் வந்து சேரும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். மூடியைத் திறந்ததும் அது முன்னால் தள்ளிக்கொண்டு வந்த மெழுகைக் கையுறை போட்டு எடுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இருந்தால் புதிது, சரியான இடைவெளியில் பிக் அனுப்புகிறார்கள். சோப்புக் கட்டி மாதிரி இருந்தால் பழையது. சுவரில் படிந்த மெழுகு முதலில் எண்ணெயைச் சுமந்துகொண்டு மெத்தென்று இருக்கும். நாள் போகப்போக எண்ணெய் வெளியேறி, கனமான மெழுகு உள்ளே புகுந்து இறுகும். இறுகிய பிறகு பிக் அனுப்பினால் பிக்கே நடுவழியில் மாட்டிக்கொள்ளும். எத்தனை கிலோ வந்தது என்று எழுதி வைக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் நீங்கள் எழுத ஆரம்பியுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் உங்கள் நோட்டைத்தான் தேடி வருவார்கள்.

அடுத்தது, கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள்: இன்றைக்கு ஓட்டம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி ஓட்ட வேண்டும்? பதில் உடனே, மணிக்கணக்காக வர வேண்டும். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு பதில் இருக்க வேண்டும். எந்த எண்ணெய் மாதிரியை வைத்து அந்தக் கணக்குப் போட்டார்கள், அந்த மாதிரியை முதலில் எத்தனை டிகிரிக்குச் சூடாக்கினார்கள் என்றும் கேளுங்கள்.

மலையிறங்கும்போது அந்த மூன்று பாட்டிலில் ஒன்றையாவது எடுத்துப் போங்கள். அங்கே ஆய்வகத்தில் ஃபிரிட்ஜ் இருக்கும். புதிதாகச் சேரும் அடுத்த பயிற்சியாளருக்கு நீங்கள் செய்துகாட்டலாம்.